பின்கண்ணாடி

வெள்ளவத்தையில்
சாறிக் கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
லிப்ட் பழுது.
முதுகு ஏலாதவர்கள் எல்லோரும்
கைப்பிடியைப் பற்றிக்கொண்டு
படிப்படியாய் ஏறிப் போகிறோம்.
முதல் நாள் இதைச் சொல்லிச் சிரித்தேன்.
சிரித்ததும் வலித்தது.

டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.
எல் நாலு, எல் ஐந்து என்றார்.
எனக்கு விளங்கவில்லை என்று நினைத்து
பேனையால் வட்டம் போட்டார்.
விளங்கியது, டொக்டர்.
டயர் கிழிந்த இடத்தில்
டியூப் பிதுங்கி நிற்பதை
இருபத்தொரு வருசமாய்ப் பார்க்கிறவன் நான்.

ஒரு தடவைக்கு நாலாயிரத்து ஐந்நூறு.
இருபது தடவை வரவேண்டுமாம்.
மனம் தானாகவே மீட்டரைப் போட்டது:
கொட்டாஞ்சேனையிலிருந்து தெஹிவளைக்கு
எத்தனை ஹயர்,
அத்தனை ஹயருக்கும் எத்தனை குழி,
அத்தனை குழிக்கும் திரும்ப
எத்தனை தடவை இந்தப் படி.
ஜெசிந்தா காப்பை அடகு வைத்தாள்.
என்னிடம் கேட்கவில்லை.
ரசீதை மட்டும்
எம்.ஆர்.ஐ. உறைக்குள் செருகியிருந்தாள்.

கட்டில் நடுவே இரண்டாய்ப் பிரியும் கட்டில்.
நிலூகா மிஸ்
நெஞ்சில் ஒரு பட்டி, இடுப்பில் ஒரு பட்டி
இறுக்கிக் கட்டினார்.
"மூச்சு விடுங்க அங்கிள்.
நீங்க ஒண்டும் செய்யத் தேவையில்லை."
இந்த நகரத்தில்
சீருடை போட்ட ஒருவர்
என்னைப் பார்த்து அப்படிச் சொன்னது
அதுதான் முதல் தடவை.

மோட்டார் முனகியது.
திரையில் எண் ஏறியது.
பத்து. பதினெட்டு. இருபத்தேழு கிலோ.
கால்மாட்டில் யாரோ
அவசரமே இல்லாமல் என்னை இழுக்கிறார்கள்.
பிறகு விடுகிறார்கள்.
பிறகு, மறந்ததை நினைத்துக்கொண்டவர்கள்போல
மறுபடி.

மூன்று பேர் சீட்டில் ஐந்து பேர்,
அவர்கள் மடியில் அரிசி மூட்டை,
ஒருமுறை ஒரு பிரிட்ஜ்,
ஒரு விடியற்காலை
பிள்ளைப்பேற்று ஆஸ்பத்திரி வாசல்வரை
என் தோளை விடாமல் பிடித்து வந்த
பெயர் தெரியாத பெண்.
எல்லாப் பாரமும் மேலிருந்து கீழேதான் வந்தது.
மல்லாந்து கிடக்கும்போதுதான் தெரிகிறது,
பாரத்துக்கு வேறு திசையும் உண்டு.

திரைச்சீலைக்கு அப்பால்
ரம்சீன் நானா.
மோவாயில் பட்டி மாட்டித் துறைமுகக் கதை பேசுவார்.
"முப்பது வருசம் பெரியவங்களுக்குத்
தலையாட்டின கழுத்து தம்பி.
இப்பத்தான் நிமித்தி விடுறாங்க.
அதுக்கும் நான்தான் காசு குடுக்குறன்."

பாணந்துறை ரயில்
கடலோரமாய்ப் போகிறது.
கட்டில் லேசாய் நடுங்குகிறது.
எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே
ஒரு கடதாசி நுழையும் இடம் கிடைக்குமாம்.
அதற்குள் ஈரம் ஊறுமாம்.
"எல்லாருக்கும் ஊறுமா மிஸ்?"
அவர் திரையைப் பார்த்தார்.
"சிலருக்கு" என்றார்.
பொய் சொல்லாததற்காக
அன்றைக்கு அவரைப் பிடித்துப்போனது.

ஒன்பதாம் தடவை முடிந்து
கீழே வந்து ஆட்டோவில் ஏறினேன்.
பின்கண்ணாடியில் வீதியைக் காணவில்லை.
வெறும் சீட்.
யாரோ பெடியன் கை வைத்துவிட்டான் என்று
ஏசிக்கொண்டே
ஒரு விரலால் மேலே தள்ளினேன்.
பம்பலப்பிட்டி தாண்டும்போதுதான் உறைத்தது,
எவனும் கை வைக்கவில்லை.

பின்னேரம் மருதானையில்
கண்ணாடி நிறையக் கூரைச் சீலை.
கீழே இறக்கினேன்.

இப்போது கண்ணாடிக் காம்பில்
பேனையால் இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.
காலைக்கு ஒன்று.
இரண்டு கோட்டுக்கும் நடுவே
ஒரு நெல்மணி அகலம்.
அந்த அகலத்துக்குத்தான்
ஒரு காப்பு போயிருக்கிறது.

நேற்று இரவு வீட்டுச் சந்தியில் நிறுத்தியபோது
கண்ணாடி இன்னும் காலைக் கோட்டில்.
அதில் ஆளில்லாத சீட்,
அதற்குப் பின்னால் ஈரவீதி,
வீதி முடியும்வரை தெரிந்தது.

ஜெசிந்தாவிடம் சொல்லவில்லை.
நாள் முழுக்க மழை.
ஹயரும் குறைவு.